சத்தம் எப்போது வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்ப்பேட்டையில் 32 வருடமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். ஆனால் காதால் வேலை பார்க்கக் கற்றுக்கொண்டது என் அப்பாவிடம். அவர் கொருக்குப்பேட்டை ரயில் யார்டில் இருந்தார். நீளக் காம்பு போட்ட சுத்தியலால் வேகன் சக்கரம் ஒவ்வொன்றையும் ஒரு தட்டு தட்டிக்கொண்டே நடப்பார். நல்ல சக்கரம் கணீரென்று பேசும். விரிசல் விட்டது டொக்கென்று அடங்கிவிடும். மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போமே, அதே கணக்குதான்.

பழைய கார் வாங்கியவர்கள் ஷெட்டுக்கு வந்ததும் சொல்வது, "அண்ணே, இன்ஜினில் டொக்கு டொக்குன்னு சத்தம்." நான் உடனே பானெட்டைத் திறப்பதில்லை. எப்போது வருகிறது என்றுதான் கேட்பேன். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா? வண்டி சூடான பிறகா? மேடு ஏறும்போதா? பாதி நோய் இந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

காலையில் தட்டி, சூடேறியதும் அடங்கினால் பெரும்பாலும் தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுகிறது. சூட்டில் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைவதால் சத்தம் போகிறது. அப்படி ஓடுகிற வண்டி வருடக்கணக்கில் ஓடும். இதற்கு நேர்மாறாக, காலையில் அமைதியாக இருந்து, ஆயில் சூடாகி நீர்த்த பிறகு அடியிலிருந்து கனமாகத் தட்டினால் கனெக்டிங் ராடு பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். பிஸ்டனையும் அடியில் சுழலும் கிராங்க் தண்டையும் இணைக்கிற கம்பிதான் அந்த ராடு. அதோடு வண்டியை ஓட்டாதீர்கள். மேலே தையல் மெஷின் ஓடுகிற மாதிரி டிக்டிக் என்றால் வால்வைத் தள்ளுகிற டாப்பெட், சரிசெய்துகொள்ளலாம். மின்ட் மேம்பாலத்தில் நாலாவது கியரிலேயே மிதித்து ஏறும்போது மட்டும் டப்பாவில் சில்லறை குலுங்குவது போல வந்தால், பெட்ரோல் முறையாக எரியாமல் வெடிக்கிறது. கியரைக் குறையுங்கள், அடங்கும். அப்புறம் பிளக் தீப்பொறி விடும் நேரமான டைமிங்கையும் உள்ளே படிந்த கரியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் தெருத் தம்பி ஒருவரின் கதையைச் சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் வேலை. சேமித்த பணத்தில் பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கினார். மூன்றாவது வாரமே அடியில் டொக்கு டொக்கு. வேறொரு ஷெட்டில் பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும், 60,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். பாவம், மனைவியின் வளையலை அடகு வைக்கும் யோசனையோடு என்னிடம் வந்தார்.

முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்தேன், ஆயில் சரியாக இருந்தது. இன்ஜினை நிறுத்தி ஒரு பிளக் வயரைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் கேட்டேன். இப்படி ஒவ்வொரு சிலிண்டருக்கும். ராடு பேரிங் போயிருந்தால், அந்த சிலிண்டரின் பிளக்கை நிறுத்தியதும் பாரம் குறைந்து சத்தம் மாறும். நான்கிலும் மாறவே இல்லை. பெல்ட் சுற்றும் பாகங்களின் சத்தமா என்று பார்க்க பெல்ட்டைக் கழற்றினேன். சத்தம் கொஞ்சம் மாறியது, போகவில்லை.

அப்புறம்தான் நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்க்கிறாரே, அதே வித்தைதான். 1816இல் பாரிஸில் லென்னெக் என்ற டாக்டர் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துக் கேட்டாராம், ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன், ஓடுகிற இன்ஜினுக்குக் குனியும்போது துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

மேலிருந்து கீழே ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டே வந்தேன். முன்பக்கம் கிராங்க் தண்டின் நுனியில் பெல்ட்டைச் சுற்றும் சக்கரமான கிராங்க் புல்லிக்கு அருகே வந்ததும் காதுக்குள் சுத்தியல் அடித்தது. இன்ஜினை நிறுத்தி புல்லி போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டால், கையாலேயே சுற்றுகிறது! போல்ட் தளர்ந்து, புல்லியைத் தண்டோடு பிடிக்கும் சாவி என்கிற சின்ன இரும்புத் துண்டு தேய்ந்து, புல்லி ஆடி ஆடித் தட்டியிருக்கிறது. புதுப்பேட்டையிலிருந்து ஒரு சாவி, ஒரு போல்ட். ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது. வளையல் வீட்டிலேயே இருந்தது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இன்ஜினை இறக்கச் சொன்னால், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள். சத்தம் எப்போது வருகிறது என்றுகூடக் கேட்காதவரிடம் இன்ஜினைக் கொடுக்காதீர்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டிகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். 2015, 2023 டிசம்பர் மாதங்களில் நம் தெருக்களில் எத்தனை கார்கள் மூழ்கின! சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, ஸ்டார்ட் செய்தால் ராடு வளையும். அந்த வண்டிதான் பிறகு பளபளவென்று விற்பனைக்கு வருகிறது. வாங்கும் முன் கால்மிதியைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், சீட்டுக்கு அடியில் துரு இருக்கிறதா பாருங்கள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம், அளக்கச் சொல்லுங்கள். அப்புறம், வண்டி பார்க்கப் போனதும் பானெட்டில் கை வையுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக இருந்தால் காலைச் சத்தம் கேட்காது, ஆறட்டும் என்று உட்கார்ந்துவிடுங்கள். வணக்கம்.