அறிவிப்பின் முதல் வரி

நேயர்களுக்கு வணக்கம். கொரோனா காலத்தில் நாம் அடிக்கடி கேட்ட வசவு ஒன்று உண்டு: "ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை." சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலரா தடுப்பூசி போட்ட நாளிலிருந்தே இதைக் கேட்டு வருகிறேன். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, கோவை, மதுரையில் 26ஆம் தேதி காலை 6 மணியிலிருந்து நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. இடையில் கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று காலை, மதுரையில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். கடைக்காரர் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார், ஆளுக்கொன்று. வரிசை அடுத்த தெரு வரைக்கும் நீண்டிருந்தது. ஆனால் வட்டத்துக்குள் ஆள் இல்லை! ஒன்றில் மஞ்சப்பை, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கல். அடுத்ததில் எண்ணெய்த் தூக்கு. அதற்கடுத்து ஒற்றைச் செருப்பு. ஆட்கள் எங்கே? எதிரே வேப்பமர நிழலில், தோளோடு தோள் உரசிக்கொண்டு. சமூக இடைவெளியைப் பைகள்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தன.

சிரிக்கலாம், நானும் சிரித்தேன். அங்கே நின்ற ஓர் அம்மாவிடம், "இந்தக் கூட்டத்தில் ஏம்மா நிக்கிறீங்க?" என்றேன். "எங்க வீட்ல ஃப்ரிட்ஜா இருக்கு சார்? தெனம் வாங்கித் தெனம் ஆக்குறோம். நாலு நாளைக்குன்னா இன்னைக்குத்தானே வாங்கணும்" என்றார். இதில் என்ன பொறுப்பின்மை? திட்டுகிறவர் வீட்டில் அரிசி மூட்டையாக இருக்கிறது.

இன்னொன்று. அந்த நான்கு நாளும் வண்டியில் காய்கறி வரும், மருந்துக் கடை உண்டு, அம்மா உணவகம் உண்டு என்று அந்த உத்தரவிலேயே இருந்தது. ஆனால் தெருவுக்கு வந்து சேர்ந்தது "முழு ஊரடங்கு" என்ற இரண்டு சொல்தான். முதலில் காய்கறி வண்டியைச் சொல்லிவிட்டு அப்புறம் ஊரடங்கைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் வீட்டில் இருந்திருப்பார்கள் என்பது என் கட்சி. திரும்பவும் சொல்கிறேன்: என்ன மூடப்படும் என்பதற்கு முன்னால், சோறு எப்படி வரும் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னால் நாடு முழுவதற்குமான ஊரடங்கை மார்ச் 24 இரவு 8 மணிக்குச் சொன்னார்கள், நள்ளிரவிலிருந்து அமல். நான்கே மணி நேரம். பிரதமர் பேசி முடிப்பதற்குள் பலர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

2021இல் கொஞ்சம் மாறியது. மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு என்று 22ஆம் தேதி அறிவித்தபோது, அன்றும் மறுநாளும் இரவு 9 மணி வரை கடை திறக்கலாம், பேருந்தும் ஓடும் என்றார்கள். காய்கறி வண்டிக்குத் தோட்டக்கலைத் துறை ஏற்பாடு செய்தது. கூட்டம் இல்லாமல் இல்லை. ஊருக்குப் போகிறவர்கள் பேருந்து நிலையங்களில் குவிந்தார்கள். ஆனால் எங்கள் தெருமுனையில் வட்டத்துக்குள் பையை வைத்துவிட்டு யாரும் நிழலுக்கு ஓடவில்லை.

நம்பிக்கை குலைந்த இடமும் உண்டு. 2020 மே 7 அன்று சென்னை தவிர மற்ற இடங்களில் டாஸ்மாக்கைத் திறந்தார்கள். டீக்கடை அப்போது மூடித்தான் கிடந்தது. மறுநாளே கடைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் "கூட்டம் கூடாதீர்கள்" என்று மைக் கட்டிய ஆட்டோ வந்தால், திண்ணையிலிருந்து பதில் வரும்: "அங்க போய்ச் சொல்லுப்பா!" ஆட்டோக்காரர் பாவம், அவர் என்ன செய்வார்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் பாக்கியாம். தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்ததைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தகரத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், தனக்குக் காய்ச்சல் வந்தால் சொல்ல மாட்டார். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். சென்னையில் தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டார்களே, அங்கே வந்தவர்களில் பலர் தகரம் அடிப்பீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். அதை விவரமாகப் பேச இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.