இன்னொரு அறையா, இன்னொரு யோசனையா?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

வீட்டில் இடம் போதவில்லை என்றால் பூமிக்கு நல்லது எது? இன்னொரு அறை கட்டுவதா, இருக்கிற இடத்தை மாற்றி யோசிப்பதா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் இருக்கிற இடத்தின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். ஐயா, பழமொழி எலி வளை என்றுதானே சொல்கிறது? யானைக் கொட்டில் என்று சொல்லவில்லையே!

எங்கள் வீட்டில் ஓர் அறைக்கு 'விருந்தினர் அறை' என்று பெயர். போன வருடம் அதில் விருந்தினர் படுத்தது மொத்தம் ஐந்து ராத்திரி. மீதி 360 நாளும் அங்கே தங்கியிருந்தது யார் தெரியுமா? துணி காயப்போட மட்டுமே பயன்படும் ஓடுபொறி (டிரெட்மில்) ஒன்று. ஒரு கால் ஆடும் நாற்காலி. அப்புறம், தொலைக்காட்சி வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டி. அந்தத் தொலைக்காட்சி பழுதாகி வீட்டை விட்டே போய்விட்டது. பெட்டி மட்டும் பத்திரமாக இருந்தது, நடுவர் அவர்களே! பிள்ளைக்குப் படிக்க இடமில்லை, இன்னொரு அறை எடுக்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததும் அதே வருடம்தான். பெட்டியை எடைக்குப் போட்டோம். சுவரோடு மடங்கும் பலகை ஒன்றை அடித்தோம். பிள்ளை இப்போது அங்கேதான் படிக்கிறாள். விருந்தினர் வந்தால் பலகை மடங்கும், பாய் விரியும்.

சரி, கதவுக்கு வருவோம். மூன்றடி அகலக் கதவைத் திறந்து பாருங்கள். அது தரையில் ஒரு கால்வட்டம் போடும். கணக்குப் போட்டால் ஏழு சதுர அடி. அந்த ஏழு சதுர அடியில் ஒரு செருப்பைக்கூட வைக்க முடியாது. வைத்தால் கதவு இடிக்கும். இப்படி ஆறு கதவு இருந்தால் 42 சதுர அடி, ஒரு குளியலறை அளவு இடம், கதவு ஆடுவதற்கே போய்விடுகிறது. சுவரோரமாகப் பக்கவாட்டில் நகரும் கதவு போட்டால் அவ்வளவும் திரும்பி வரும். எதிரணியோ அந்த இடத்துக்கு அஸ்திவாரம் தோண்டச் சொல்கிறது.

சின்ன இடத்தில் வசதி வராது என்றார்கள். 1926-இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.9 மீட்டர், அதாவது சுமார் 70 சதுர அடி. ரயிலில் உணவுப் பெட்டியின் சமையலறை எப்படி இயங்குகிறது என்று பார்த்து, கைக்கு எட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் அமைத்தார். இஸ்திரிப் பலகை சுவரில் மடங்கும். மாவுக்கும் பருப்புக்கும் இழுத்தால் வரும் சின்னச் சின்ன அலுமினியப் பெட்டிகள். சுமார் 10,000 வீடுகளில் அது போடப்பட்டது. ஒரே ஆள்தான் நின்று சமைக்க முடியும் என்ற குறையும் அதில் உண்டு. எதிரணி சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

"கூரையில் சூரியத் தகடு போட்டால் பெரிய வீடும் பசுமை வீடுதானே?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் சிமெண்ட் எப்படி உருவாகிறது? சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் கல்லே கார்பன் டை ஆக்சைடைக் கக்குகிறது. எரிபொருளின் புகை அதற்கு மேல். உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் 8 சதவீதம் சிமெண்டால்தான். நீங்கள் குடிபோவதற்கு முன்பே அது காற்றில் கலந்தாகிவிட்டது. தகடு விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் தரும். சூளையில் போனதைத் திருப்பி உறிஞ்சாது. அறை கட்டிய பிறகு அதைக் குளிரவைக்க வேண்டும், கூட்ட வேண்டும், வெள்ளையடிக்க வேண்டும். காலியாக விடவும் மனசு வராது. அடுத்த அட்டைப்பெட்டி வந்து உட்காரும்.

நெருக்கியடித்து வாழுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆறு பேர் ஓர் அறையில் புழுங்கினால் கட்டத்தான் வேண்டும். வயதானவர்களுக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓரிடம் கட்டாயம் வேண்டும். ஆனால் முதலில் ஜன்னலை மறைத்து நிற்கும் அந்த அலமாரியை நகர்த்துங்கள். காற்றும் வெளிச்சமும் வந்தாலே பாதிப் புழுக்கம் போய்விடும்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கட்டப்போகும் அந்தப் புது அறையின் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? அந்த ஏழு சதுர அடியை யார் கணக்கில் எழுதுவீர்கள்?

நன்றி, வணக்கம்.