பத்துக் கட்ட உலகம்

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தக்கலையில் ஒரு சின்ன ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வருவது பெரும்பாலும் மொபைல்தான். ஆனால் பழைய வீடியோ கேம்களில் நமக்குக் கிறுக்கு உண்டு என்று ஊருக்குத் தெரிந்துபோனதால், அவற்றையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு பொருளைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கேசட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதன் பெயர் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ்.

மாரியோவை உங்களில் பலருக்குத் தெரியும். சிவப்புத் தொப்பி, பெரிய மீசை, காளானைத் தின்றால் உயரமாகிற ஆள். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985-ல் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி போட்ட விளையாட்டு. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் முன்னின்று செய்தது, இசை கோஜி கோண்டோ. எட்டு உலகம், உலகத்துக்கு நாலு லெவல், ஆக 32. அவ்வளவும் சேர்த்து வெறும் 40 கிலோபைட். காலையில் உங்கள் போனுக்கு வருகிற ஒரு வணக்கம் படம் அதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த 40-க்குள் இடம் போதாமல் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைத்தான் வைத்தார்கள். வெள்ளையடித்தால் மேகம், பச்சையடித்தால் புதர். தெரிந்த பிறகு பார்த்தால் நன்றாகவே தெரியும்.

நாங்கள் அதை விளையாடியது மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு வீட்டு டிவியில். அசல் மெஷின் இல்லை, அதைப் பார்த்துச் செய்த நகல். ஆறேழு பையன்கள் தரையில் உட்கார்ந்திருப்போம், ஒரு உயிர் போனால் அடுத்தவன் கைக்கு மாறும். நம்ம மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தென்னை மட்டை ஒன்று லைனில் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். எட்டாம் உலகத்துக்கு வந்து நிற்கும்போது போனால் எல்லாம் போச்சு. திரும்ப முதல் உலகம், முதல் காளான். எடுத்த பாயிண்ட் எதையும் அந்த மெஷின் வைத்திருக்காது. அசல் மெஷினிலும் அப்படித்தான், இந்த விளையாட்டு எதையும் எழுதி வைக்கிற வழியே இல்லாமல் வந்தது.

2000-ல் மாமா துபாயிலிருந்து வந்தார். சோப்பு, சென்ட், டார்ச் லைட்டுக்கு அடியில் எனக்கென்று ஊதா நிறத்தில் ஒரு கேம் பாய் கலர், கையில் வைத்து விளையாடுகிற நின்டெண்டோ கருவி. அதற்குள் சொருகியிருந்தது டீலக்ஸ் கேசட். டிவி விளையாட்டைக் கைக்கருவிக்கு மாற்றி 1999-ல் வெளியிட்டிருந்தார்கள்.

போட்டுப் பார்த்தால் எனக்குப் பெரிய ஏமாற்றம். மாரியோ அதே மாரியோ, பாட்டு அதே பாட்டு, ஆனால் மீதி உலகம் எங்கே? ஓடிப்போனால் எதிரியாக வருகிற காளான் பூச்சி மூக்குக்கு முன்னால்தான் தெரிகிறது. பள்ளம் காலடியில் வந்த பிறகுதான் தெரிகிறது. டிவியில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற முதல் லெவலிலேயே மூன்று தடவை செத்தேன்.

அதன் கணக்கு பின்னால்தான் புரிந்தது. அந்த உலகம் முழுக்கச் சதுரக் கட்டங்களால் அடுக்கியது. ஒரு செங்கல் ஒரு கட்டம், ஒரு கேள்விக்குறிப் பெட்டி ஒரு கட்டம், சின்ன மாரியோவும் ஒரு கட்டம்தான். ஒரு கட்டத்தின் ஒரு பக்கம் 16 புள்ளி, அதாவது 16 பிக்சல். டிவிக்குப் போகிற படம் அகலத்தில் 256 புள்ளி, உயரத்தில் 240. அதாவது 16 கட்டம் அகலம், 15 கட்டம் உயரம். கேம் பாய் கலரின் திரை 160-க்கு 144. 10 கட்டம் அகலம், 9 கட்டம் உயரம். 240 கட்டம் தெரிந்த இடத்தில் 90 கட்டம்தான் தெரியும். பாதிகூட இல்லை.

மாற்றி எழுத உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. எல்லாவற்றையும் சுருக்கி முழு உலகத்தையும் சின்னத் திரைக்குள் அடைக்கலாம். இல்லையென்றால் மாரியோவைத் தொடாமல், தெரிகிற ஜன்னலை மட்டும் சிறிதாக்கலாம். இரண்டாவதைத்தான் செய்தார்கள். சின்ன வயதில் கோபம் வந்தது. இன்றைக்கு, அவர்கள் செய்ததுதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

ஏன் என்று சொல்கிறேன். மாரியோவுக்கு மீசை வந்ததற்கே காரணம் புள்ளிகள்தான். 1981-ல் டாங்கி காங் விளையாட்டுக்கு அவனை முதலில் வரைந்தபோது வாய் வரைய இடம் இல்லை, மீசை வைத்தார்கள். தலைமுடி வரைவது கஷ்டம், தொப்பி வைத்தார்கள். அவ்வளவு நெருக்கத்தில் பிறந்த முகம் அது. 16 புள்ளியை 10 புள்ளியாக்கினால் மீசையும் இல்லை, தொப்பியும் இல்லை, ஒரு சிவப்புப் பொட்டு குதிக்கும். அதைவிடப் பெரிய விஷயம் குதிப்பு. பட்டனை லேசாகத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி, ஓடி வந்து குதித்தால் இன்னும் உயரம். அந்த அளவுகள் நம் கட்டைவிரலில் பதிந்துபோனவை. உலகத்தைச் சுருக்கினால் அந்த அளவுகளும் குலைந்துபோகும். பார்வையை வெட்டினார்கள், குதிப்பைக் காப்பாற்றினார்கள்.

வெட்டியதற்கு ஈடும் செய்தார்கள். மேல் பட்டனை அழுத்தினால் திரை மேலே நகரும், கீழ் பட்டனை அழுத்தினால் கீழே. நின்று, அண்ணாந்து பார்த்து, அப்புறம் போக வேண்டும். பேச்சிப்பாறை ரோட்டில் வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்துப் போகிறோமே, அந்த மாதிரி. டிவியில் நான் பறந்த இடங்களில் இதில் நடக்கக் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. இரண்டே பென்சில் பேட்டரியில் பத்து மணி நேரம்போல ஓட வேண்டுமென்றால் விளக்கு வைக்க முடியாது. அதற்கு முன்பே 1990-ல் சேகா கம்பெனியின் கேம் கியர் என்ற கைக்கருவி விளக்கோடு வந்தது, ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். அதனால் நமக்கு வெயில் வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடுவேன். மரநிழலுக்குள் பஸ் நுழைந்ததும் திரை இருண்டு மாரியோ மறைந்துவிடுவான். வெயிலுக்கு வந்ததும் திரும்ப வருவான், சில நேரம் பள்ளத்துக்குள் இருப்பான். நிழல் வருகிறது என்று தெரிந்தாலே ஸ்டார்ட் பட்டனை அழுத்தி நிறுத்திவிடப் பழகினேன். மழைக்காலத்தில் திண்ணையில் போய் உட்கார்ந்தால், "மக்களே, சாரல் அடிக்குது, உள்ளே வா" என்று அம்மா கூப்பிடுவாள். உள்ளே வந்தால் ஒன்றும் தெரியாது.

கேசட்டுக்குள் புதிதாகவும் நிறையச் சேர்த்திருந்தார்கள். ஒவ்வொரு லெவலிலும் ஐந்து சிவப்புக் காசும், மாரியோவின் டைனோசர் தோழன் யோஷியின் முட்டை ஒன்றும் ஒளித்து வைத்தார்கள். ஒரு பேயோடு ஓட்டப்பந்தயம் உண்டு, பேயின் பெயர் பூ. மூன்று லட்சம் பாயிண்ட் எடுத்தால் இன்னொரு முழு விளையாட்டே திறக்கும். 1986-ல் ஜப்பானில் மட்டும் வந்த, மகா கஷ்டமான இரண்டாம் பாகம் அது. அதன் எட்டு உலகத்துக்கு அப்பால் இருந்த கூடுதல் உலகங்களை மட்டும் இதில் விட்டுவிட்டார்கள்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது இது எதுவும் இல்லை. இந்தக் கேசட்டுக்கு ஞாபகம் உண்டு. உள்ளே சட்டைப் பட்டன் அளவில் ஒரு செல் இருக்கிறது. கருவியை அணைத்தாலும் அந்த செல் ஒரு சின்ன ஐசியை, அதாவது ஞாபகம் வைக்கிற சிப்பை, விழித்திருக்க வைக்கும். நாம் எந்த உலகத்தில் நின்றோம், எத்தனை பாயிண்ட் எடுத்தோம் என்பதெல்லாம் அந்த ஐசியில்தான். டிவி விளையாட்டு ஒரு சாயங்காலத்தில் முடிய வேண்டும். பஸ்ஸில் விளையாடுகிறவனுக்கு இறங்க வேண்டிய இடம் வந்துவிடும், கடைக்குப் போகச் சொல்வார்கள், பேட்டரி தீரும். அதைத் தெரிந்துகொண்டு செய்திருக்கிறார்கள். கண்ணுக்கு எட்டுகிற தூரத்தைக் குறைத்த அதே கேசட், விட்ட இடத்தை நமக்காக வைத்திருந்தது.

போன வருடம் முட்டத்திலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கேம் பாயும் டீலக்ஸ் கேசட்டும். "அண்ணே, இது எங்க அண்ணன் விளையாடினது. அவன் இப்ப கத்தார்ல இருக்கான். அவன் எடுத்த ஸ்கோர் இதுக்குள்ள இருக்கு. அது போவாம செல் மாத்த முடியுமா?" என்று கேட்டான்.

செல்லைக் கழற்றினால் ஐசி தூங்கிவிடும், எல்லாம் அழிந்துவிடும். அதனால் வேறு மாதிரி செய்ய வேண்டும். கேசட்டின் ஸ்குரூவுக்கு 3.8 மில்லிமீட்டர் தனி பிட் வேண்டும், சாதா ஸ்குரூ டிரைவர் பிடிக்காது. திறந்தேன். கடற்கரை வீட்டில் இருந்த பொருள், பித்தளை நிறத்தில் இருக்க வேண்டிய காலெல்லாம் களிம்பு ஏறிப் பச்சையாக இருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பட்ஸால் ஒவ்வொரு காலாகத் துடைத்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் 3 வோல்ட் இருக்க வேண்டிய செல்லில் இரண்டரைகூட இல்லை. இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கியிருக்கும்.

இரண்டு பென்சில் பேட்டரியைத் தொடராக இணைத்து 3 வோல்ட் எடுத்தேன். முடி மாதிரி இரண்டு வயரை, பழைய செல் இருக்கும்போதே, அதன் இரண்டு முனைக்கும் பக்கத்தில் ஈயம் வைத்துச் சேர்த்தேன். இப்போது ஐசிக்கு இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம். அப்புறம் பழைய செல்லை எடுக்க வேண்டும். சால்டரிங் அயர்ன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, மீதிச் சூட்டிலேயே தொட்டேன். கரண்டோடு தொட்டால் முனை வழியாகக் கசிந்து அழித்துவிடும் என்ற பயம். ஒரு கால் விட்டது. சூடு குறைந்துவிட்டது, திரும்பச் சூடேற்றிப் பிடுங்கி, இரண்டாவது காலைத் தொட்டேன். அந்தத் தம்பி கடை வாசலில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. புது செல்லை வைத்து, வயர் இரண்டையும் எடுத்து, கேசட்டை மூடி அவன் கையில் கொடுத்தேன்.

அவனேதான் கருவியில் சொருகினான். கடைக்குள் வெளிச்சம் போதாமல் வாசலுக்குப் போய், வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தான். மூன்று லட்சத்துக்கு மேல் எடுத்தால் திறக்கிற அந்த இரண்டாவது விளையாட்டு பட்டியலில் இருந்தது. அண்ணனின் ஸ்கோரை ஒவ்வொரு எண்ணாகச் சத்தம் போட்டு வாசித்தான். அப்புறம் போனை எடுத்து, திரையில் தன் நிழல் விழாமல் பார்த்து, ஒரு போட்டோ பிடித்து கத்தாருக்கு அனுப்பினான்.

நன்றி, வணக்கம்.