நைரேரே: பதவியை விட்டவர், பிடிவாதத்தை விடாதவர்

நேயர்களுக்கு வணக்கம்.

1961 டிசம்பர் 9-ம் தேதி, கிழக்கு ஆப்பிரிக்காவில் தங்கனீக்கா என்ற நாடு பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. போராட்டத்தை நடத்திய ஜூலியஸ் நைரேரே பிரதமராக இருந்தார். வயது முப்பத்தொன்பது. சரியாக 44 நாள் கழித்து, 1962 ஜனவரி 22-ம் தேதி, அவர் ராஜினாமா செய்தார்.

ஊழல் புகார் எதுவும் இல்லை. நாடாளுமன்றத்தில் அவரை எதிர்க்கவே ஆள் இல்லாத காலம். கட்சி வேலை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ரஷீதி கவாவா என்ற சகாவைப் பிரதமராக்கிவிட்டு, கிராமம் கிராமமாகச் சுற்றக் கிளம்பிவிட்டார். விடுதலை வாங்கித் தந்த கட்சியில் கெட்டிக்காரர்கள் எல்லோரும் அரசு வேலைக்குப் போய்விட்டால் கட்சி வெறும் பெயர்ப்பலகையாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். அதில் உண்மை உண்டு. ஆனால் வெள்ளைக்கார அதிகாரிகளை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கட்சிக்குள் முணுமுணுப்பு பெரிதாகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் ஒதுங்கி நிற்பது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது. அந்தப் பத்து மாதங்களில் கவாவா அரசு அதிகாரிகளை வேகமாக மாற்றியது. விசாரணை இல்லாமல் ஆளைச் சிறையில் வைக்கும் தடுப்புக்காவல் சட்டம் வந்தது. நாடு குடியரசாக மாறுவதற்கான அரசியல் சட்டமும் எழுதப்பட்டது. 1962 டிசம்பரில் நைரேரே குடியரசுத் தலைவராகத் திரும்பி வந்தபோது, பிரதமராக இருந்தபோது இல்லாத அளவுக்கு அதிகாரம் அவர் கையில் இருந்தது.

இந்த மனிதரைப் புகழ்கிறவர்கள் அந்த ராஜினாமாவோடு நிறுத்திக்கொள்வார்கள். திட்டுகிறவர்கள் திரும்பி வந்ததில் இருந்து தொடங்குவார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். பதவியை அவர் எளிதாக விட்டார். தன் மனதில் சரி என்று பட்டதை விடுவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

சரி, யார் இவர்? விக்டோரியா ஏரியின் கிழக்குப் பக்கம் புத்தியாமா என்று ஒரு கிராமம். அங்கே சனாக்கி என்ற சிறிய இனக்குழுவின் தலைவர் ஒருவருக்கு 1922-ல் பிறந்தார். அப்பாவுக்கு இருபத்திரண்டு மனைவிகள், இவருடைய அம்மா ஐந்தாவது மனைவி. பன்னிரண்டு வயதில்தான் பள்ளிக்கூடம் போனார். தபோராவில் அரசுப் பள்ளி, கம்பாலாவில் மகரேரே கல்லூரி, அப்புறம் ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகம். 1952-ல் பட்டத்தோடு ஊர் திரும்பி, அப்போதைய தலைநகர் டார் எஸ் சலாமுக்குப் பக்கத்தில் புகு என்ற இடத்தில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் ஆசிரியரானார். கடைசி வரை நாட்டு மக்கள் அவரை ‘முவாலிமு’ என்றுதான் அழைத்தார்கள், ஆசிரியர் என்று அர்த்தம்.

1954 ஜூலை 7-ல் அவர் தலைமையில் டானு கட்சி, அதாவது தங்கனீக்கா ஆப்பிரிக்க தேசியச் சங்கம், பிறந்தது. தங்கனீக்கா நேரடிக் காலனி கிடையாது. முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மனியிடம் இருந்து, அப்புறம் பிரிட்டனின் பொறுப்பில் விடப்பட்டு, பிறகு ஐக்கிய நாடுகள் சபையின் அறங்காவல் பகுதியானது. அதனால் அந்த சபையிடமே நேரில் முறையிட வழி இருந்தது. 1955-ல் நைரேரே நியூயார்க் போய்ப் பேசினார். திரும்பியதும் பள்ளியா அரசியலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. வேலையை விட்டார்.

1958-ல் தபோராவில் நடந்த கட்சி மாநாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் அரசு ஒரு விசித்திரமான தேர்தலை அறிவித்திருந்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று இடம்: ஆப்பிரிக்கர் ஒருவர், ஐரோப்பியர் ஒருவர், ஆசியர் ஒருவர். வாக்காளர் மூன்று பேருக்கும் ஓட்டுப் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டு செல்லாது. மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையாக இருந்த ஆப்பிரிக்கர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்! கட்சிக்காரர்கள் கொதித்துப்போய் புறக்கணிப்போம் என்றார்கள். புறக்கணித்தால் அந்த மூன்று இடமும் எதிராளி கையில் போகும், நாமே ஐரோப்பியர்களிலும் ஆசியர்களிலும் நம்மை ஆதரிப்பவர்களைப் பார்த்து நிறுத்துவோம் என்றார் நைரேரே. நீண்ட விவாதத்துக்குப் பிறகு அவர் பக்கம் தீர்ப்பானது. கோபித்துக்கொண்ட சுபேரி ம்டெம்வு தனிக்கட்சி தொடங்கினார். தேர்தல் முடிந்தபோது டானு ஆதரித்த வேட்பாளர்கள் மூன்று இனத்து இடங்களையும் அள்ளியிருந்தார்கள். இனவாரியாகப் பிரிப்பதற்கு என்று போட்ட விதியை வைத்தே இனம் கடந்த அணி ஒன்றை அவர் கட்டிவிட்டார். என்னைக் கேட்டால், அவருடைய அரசியல் வாழ்க்கையின் ஆகச் சிறந்த நகர்வு இதுதான்.

கிளிமஞ்சாரோ மலை உச்சியில் ஒரு மெழுகுவத்தி ஏற்ற விரும்புகிறோம், வெறுப்பு இருக்கும் இடத்துக்கு அது அன்பைக் கொண்டு போகட்டும் என்று 1959-ல் சட்டமன்றத்தில் பேசினார். விடுதலை நாளில் ஒரு ராணுவ அதிகாரி அந்த உச்சிக்கு ஏறி விளக்கேற்றிக் கொடியும் நட்டார்.

நம்மவர்கள் கேட்க வேண்டிய சம்பவம் 1961 அக்டோபரில் நடந்தது. விடுதலைக்கு முன் குடியுரிமைச் சட்டம் விவாதத்துக்கு வந்தது. அங்கே இந்திய வம்சாவளியினர் நிறையப் பேர் இருந்தார்கள், வணிகத்தில் பெரும்பகுதி அவர்கள் கையில். ஆப்பிரிக்கர்களுக்கு மட்டும் குடியுரிமை கொடுங்கள் என்று சொந்தக் கட்சி உறுப்பினர்களே குரல் எழுப்பினார்கள். நைரேரே எழுந்து, நாட்டின் மீதான விசுவாசத்தைத் தோலின் நிறத்தை வைத்து அளப்பதா, இது ஹிட்லரின் வேலை என்று வெடித்தார். இந்தச் சட்டத்தைத் தோற்கடித்தால் அரசே ராஜினாமா செய்யும் என்றும் சொன்னார். சட்டம் நிறைவேறியது. 1948-ல் இலங்கை தன் மலையகத் தமிழர்களின் குடியுரிமைக்குச் செய்ததை நினைத்துப் பார்த்தால், இந்தப் பேச்சின் கனம் தெரியும். பின்னால் அவருடைய நிதியமைச்சராகப் பல ஆண்டுகள் இருந்த அமீர் ஜமால் குஜராத்தி வம்சாவளிக்காரர். ஆனால் இங்கேயும் மறுபக்கம் உண்டு. 1971-ல் ஒரு லட்சம் ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள வாடகைக் கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டது. சட்டத்தில் இனம் எழுதப்படவில்லை. பறிபோனதில் பெரும்பாலானவை ஆசியர்களின் கட்டடங்கள். ஆயிரக்கணக்கானோர் நாட்டை விட்டே போனார்கள்.

1964 ஜனவரி பயங்கரமான மாதம். 12-ம் தேதி பக்கத்துத் தீவான சான்சிபாரில் புரட்சி. 20-ம் தேதி சொந்த ராணுவமே சம்பள உயர்வும் ஆப்பிரிக்க அதிகாரிகளும் கேட்டுக் கலகம் செய்தது. நைரேரே ஒளிந்துகொள்ள வேண்டியதாயிற்று. கடைசியில், விரட்டியனுப்பிய பிரிட்டனிடமே படை கேட்டார். அவமானம்தான், அதை அவரும் மறைக்கவில்லை. பழைய ராணுவத்தைக் கலைத்துவிட்டு, கட்சியோடு பிணைந்த புதிய ராணுவத்தைக் கட்டினார். அண்டை நாடுகளில் அடுத்தடுத்து ராணுவப் புரட்சிகள் நடந்தன, அங்கே நடக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் சான்சிபார் தலைவர் அபெய்த் கருமேயோடு ஒப்பந்தம் போட்டார், 26-ம் தேதி இரண்டு நாடுகளும் இணைந்தன. தான்சானியா என்ற பெயர் அந்த ஆண்டு அக்டோபரில் வந்தது.

1965-ல் ஒரே கட்சி ஆட்சி சட்டமானது. ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் அதே கட்சியின் இரண்டு வேட்பாளர்கள் மோதுவார்கள், ஒருவருக்கு மண்வெட்டிச் சின்னம், இன்னொருவருக்கு வீடு. அந்த முதல் தேர்தலில் நிதியமைச்சர் பால் பொமானியே தோற்றுப்போனார்! ஆளைத் தோற்கடிக்கலாம், கொள்கையைத் தோற்கடிக்க முடியாது. அப்படி ஒரு ஜனநாயகம்.

அடுத்த ஆண்டு பல்கலைக்கழக மாணவர்கள் கட்டாய தேச சேவையை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியே தேவலை என்று ஒரு பதாகை. சம்பளம் போதாது என்ற குரலும் கேட்டது. நைரேரேவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கிட்டத்தட்ட நானூறு மாணவர்களை வெளியேற்றினார். அதே மூச்சில் தன் சம்பளத்தை 20 சதவீதம் வெட்டிக்கொண்டார். இந்த இரண்டையும் ஒரே நாளில் செய்யக்கூடிய தலைவரை எந்தப் பெட்டியில் வைப்பது?

1967 பிப்ரவரி 5-ல் அருஷா பிரகடனம். வங்கிகள், பெரிய ஆலைகள், காப்பீடு எல்லாம் அரசுடைமை. கட்சித் தலைவர்களும் உயர் அதிகாரிகளும் பங்கு வைத்திருக்கக் கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது, வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. அவரே எளிமையாக வாழ்ந்தவர் என்பதால் சொல்ல வாய் இருந்தது. கிராமங்களுக்கு அவர் வகுத்த வழி உஜமா: பழைய ஆப்பிரிக்கக் குடும்பம்போல ஒன்றாக வாழ்ந்து, ஒன்றாக உழைத்து, பகிர்ந்து உண்பது. யாரையும் வற்புறுத்தக் கூடாது, மக்கள் தாமாக வர வேண்டும் என்று முதலில் அவரே எழுதினார்.

தாமாக வந்தவர்களும் இருந்தார்கள். தெற்கே ருவுமா பகுதியில் சில கிராமங்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, விவசாயிகளே முடிவெடுத்து, பள்ளி நடத்தி, கூட்டாகப் பயிரிட்டு நல்ல நிலையில் இருந்தன. உஜமாவுக்கு அதைவிட நல்ல உதாரணம் நாட்டில் கிடையாது. 1969-ல் கட்சியின் மத்தியக் குழு அந்தச் சங்கத்தையே தடை செய்தது. கட்சியைக் கேட்காமல் தானாக நடக்கிற எதுவும் உள்ளூர்க் கட்சி அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. நைரேரே அந்தக் கிராமங்களை ஆதரித்து வந்தவர். தடையை அவர் நிறுத்தவில்லை. அவருடைய ஆட்சியில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

அப்புறம் நடந்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். மக்கள் தாமாக வரும் வேகம் போதவில்லை என்று, 1973 நவம்பரில், கிராமத்துக்குக் குடிபெயர்வது இனி கட்டளை என்றார். 1976-க்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இடம் மாற்றப்பட்டார்கள். சில இடங்களில், திரும்பிப் போகாதபடி பழைய வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அதிகாரிகள் ஜீப்பில் வந்து போக வசதியாகச் சாலையோரம் கிராமத்தை அமைத்தார்கள். தண்ணீர் எங்கே, வயல் எவ்வளவு தூரம் என்று யாரும் பார்க்கவில்லை. வறட்சியும் சேர்ந்துகொள்ள, 1974-75-ல் சோளத்தை வெளிநாட்டில் வாங்க வேண்டி வந்தது. இதெல்லாம் முன்கூட்டியே தெரியாமல் இல்லை. 1971 கிறிஸ்துமஸ் அன்றே இரிங்காவில் ஒரு விவசாயி தன் நிலத்துக்கு வந்த பிராந்திய ஆணையர் வில்பர்ட் கிளெரூவைச் சுட்டுக் கொன்றிருந்தார்.

கூடவே பள்ளிகளும் மருந்தகங்களும் கிராமங்களுக்குப் போயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எழுத்தறிவு வேகமாக வளர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் உள்ள நாட்டில் சுவாஹிலி எல்லோருக்கும் பொதுவான பள்ளி மொழியாகவும் அரசு மொழியாகவும் வேரூன்றியது. அவரே ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்தவர். இனக்குழுத் தலைவர் பதவிகளைச் சட்டம் போட்டு ஒழித்தார், தன் குடும்பத்தின் பதவியையும் சேர்த்துத்தான். அவர் சிறிய இனக்குழுவில் பிறந்தது இதற்கெல்லாம் உதவியது. எந்தப் பெரிய இனத்துக்கும் ‘நம்ம ஆள்’ ஆட்சி என்ற நினைப்பு வரவில்லை.

வெளியுறவில் அவர் விலை கொடுக்கத் தயங்கியதே இல்லை. ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளை ஆட்சியை அடக்காததற்காக 1965-ல் பிரிட்டனோடு உறவை முறித்தார், வரவேண்டிய கடன் நின்றுபோனது. தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக் விடுதலை இயக்கங்களுக்கு டார் எஸ் சலாம்தான் தங்குமிடம். சாம்பியாவின் செம்பு கடலுக்கு வர, சீன உதவியோடு 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. 1978 அக்டோபரில் உகாண்டா அதிபர் இடி அமீனின் படை தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் புகுந்தபோது, விரட்டியதோடு நிற்காமல் உகாண்டாவுக்குள்ளேயே போனது தான்சானியப் படை. 1979 ஏப்ரல் 11-ல் உகாண்டாத் தலைநகர் கம்பாலா விழுந்தது. அமீன் ஓடினார். ஆனால் போர்ச் செலவும் எண்ணெய் விலையும் சேர்ந்து நாட்டின் முதுகை ஒடித்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் சோப்பு, சர்க்கரை, மண்ணெண்ணெய் எதுவும் கடையில் கிடையாது. சர்வதேச நாணய நிதியம் நாணய மதிப்பைக் குறை, மானியத்தை வெட்டு என்றது. நைரேரே முடியாது என்றார். பல ஆண்டுகள் முடியாது என்றே சொன்னார்.

1985-ல் பதவியை விட்டு இறங்கினார். தலைவர்கள் நாற்காலியிலேயே சாவது, அல்லது சுடப்பட்டு இறங்குவது வழக்கமாயிருந்த காலம் அது. அடுத்து வந்த அலி ஹசன் முவின்யி 1986-லேயே நாணய நிதியத்தோடு கையெழுத்திட்டார். நைரேரேவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்: அந்தக் கையெழுத்தைத் தன்னால் போட முடியாது, வேறு ஒருவர் போட்டாக வேண்டும். கட்சித் தலைமையை 1990 வரை வைத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

ஓய்வுக் காலத்தில்தான் அவர் மனம் கொஞ்சம் இளகியது. வளரும் நாடுகளுக்கான தென் ஆணையத்துக்குத் தலைவரானார், அதன் பொதுச்செயலாளர் நம்முடைய மன்மோகன் சிங். 1995-ல் இந்தியா காந்தி அமைதிப் பரிசைத் தொடங்கியபோது முதல் பரிசு இவருக்குத்தான். 1991-ல் தான்சானியாவில் ஒரு ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டது. பெரும்பான்மையினர், ஐந்தில் நான்கு பேர், ஒரே கட்சி போதும் என்றார்கள். பல கட்சி வேண்டும் என்று வாதாடினார், ஒற்றைக் கட்சியைக் கட்டிய நைரேரே. எதிர்க்கட்சி இல்லாமல் கட்சி சோம்பிவிட்டது என்றார். 1992-ல் சட்டம் மாறியது.

கடைசி வேலை புருண்டி. ஹுட்டு, டுட்ஸி மோதலில் எரிந்துகொண்டிருந்த அந்த நாட்டுத் தரப்புகளை அருஷாவில் ஒரே மேசைக்குக் கொண்டுவர 1996 முதல் முயன்றார். பொறுமையும் கண்டிப்பும் கலந்த அதே வாத்தியார் வேலை. நடுநிலை இல்லை என்று டுட்ஸி தரப்பில் சிலர் குறைபட்டார்கள். ரத்தப் புற்றுநோய் வந்து, 1999 அக்டோபர் 14-ல் லண்டன் மருத்துவமனையில் இறந்தார். புத்தியாமாவில் அடக்கம் செய்தார்கள். பேச்சுவார்த்தையை நெல்சன் மண்டேலா எடுத்துக்கொண்டார். 2000 ஆகஸ்டில் புருண்டித் தரப்புகள் அருஷாவில் கையெழுத்திட்டன. எல்லோரும் அல்ல, சில ஆயுதக் குழுக்கள் வெளியே நின்றன. அவர்களோடு பேசி முடிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

வணக்கம்.