திஸ்பிலியோ தூண்களின் வயது

வணக்கம் நேயர்களே. கிரீஸ் நாட்டின் வடக்கே கஸ்தோரியா ஏரி. 1932-இல் அதன் நீர் வற்றியபோது, திஸ்பிலியோ ஊர்க் கரையில் மரத்தூண்கள் கும்பல் கும்பலாகத் தலைகாட்டின. ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் உழவர்கள் வீடு கட்ட நட்ட கால்கள் அவை. வெயிலும் மழையும் பட்டிருந்தால் என்றோ இற்றுப்போயிருக்கும். காற்றுப் புகாத சேற்றில் ஊறிக் கிடந்ததால் பிழைத்தன.

அந்தத் தூணில் ஒரு துண்டை அறுத்து, பிளேடால் வழவழவென்று சீவிப் பார்த்தால் வளையங்கள் தெரியும். இளவேனிலில் வெளிர்நிறம், வளர்ச்சி ஓயும்போது கருத்த கோடு. இரண்டும் சேர்ந்தால் ஒரு வருடம். நல்ல மழை பெய்த வருடம் அகலம், வறண்ட வருடம் ஒடுக்கம். ஒரே வட்டாரத்து மரங்களில் இந்த வரிசை ஒத்துப்போகும். அதனால் பழைய மரத்தின் வரிசையை அதைவிடப் புதிய மரத்தின் வரிசையோடு பொருத்தி நீட்டிக்கொண்டே வரலாம். பட்டை ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது, கடைசி வளையம்தான் கோடரி விழுந்த வருடம்.

ஆல்ப்ஸ் பக்கம் இந்த வரிசை இன்றைய ஓக் மரம் வரை அறுபடாமல் வருகிறது. அதனால்தான் சுவிட்சர்லாந்தின் ஆர்பனில் இருந்த பழங்கால ஏரிக்கரை ஊர் ஒன்றில், முதல் வீட்டுக்கு மரம் வெட்டியது கி.மு. 3384 என்று துணிந்து சொல்கிறார்கள். பதினைந்தே வருடம் வாழ்ந்த ஊர் அது!

கிரீஸில் அந்தச் சங்கிலி இல்லை. பெர்ன் பல்கலைக்கழகத்தார் 787 மரத்துண்டுகளை அளந்து 303 வருட வரிசை ஒன்றைக் கோத்துவிட்டார்கள். ஆனால் அது எந்த 303 வருடம்? கணக்கு நோட்டு கிடைத்துவிட்டது, வருடம் எழுதிய அட்டையைக் காணோம். மரத்தில் உள்ள கதிரியக்கக் கார்பன், அதாவது கார்பன் 14, இருக்கிறதே என்பீர்கள். 5,730 வருடத்தில் பாதியாகக் குறையும் அந்தக் கார்பன் காலத்தைக் காட்டும்தான், ஆனால் பல பத்தாண்டு முன்பின்னாக.

சரி, வழி எங்கே திறந்தது? சூரியனில். மிகப் பெரிய சூரியப் புயல் வீசினால் காற்றில் கார்பன் 14 திடீரென்று கூடும். உலகெங்கும் மரங்கள் அதை அந்த வருட வளையத்தில் வாங்கிக்கொள்ளும். கி.பி. 774-775இல் அப்படி நடந்ததை ஜப்பானிய தேவதாரு வளையங்களில் 2012-இல் கண்டுபிடித்தவர் ஜப்பானிய ஆய்வாளர் ஃபூசா மியாகே. கி.மு. 5259-இலும் ஒன்று உண்டு. திஸ்பிலியோ வளையங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது அந்தத் தாவல் அப்படியே இருந்தது! அங்கிருந்து 119 வளையம் எண்ணினால் வரிசையின் கடைசி வளையம்: கி.மு. 5140. 2024-இல் இதை வெளியிட்டார்கள்.

பால்கன் ஏரிகளில் இதுபோல் இன்னும் எத்தனையோ தூண்கள். இனி அவற்றையும் இந்த 303 வளையங்களோடு ஒட்டிவைத்துப் பார்க்கலாம். நன்றி, வணக்கம்.