தண்ணீரைப் பார்த்து விதைப்பது

வணக்கம் நேயர்களே. தெரிந்த கதை ஒன்றை எடுத்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்து, கைத்தொலைபேசியில் மாறி மாறி எழுதுகிறார்கள் எங்கள் இளம்பிள்ளைகள். ஃபேன் ஃபிக்‌ஷன் ரோல்பிளே என்பார்கள். எழுதுகிறவர் ஐந்து பேர் என்றால் வாசிக்கிறவர் ஐம்பது பேர் இருப்பார்கள். அந்த ஐம்பது பேரையும் கதை குழம்பாமல் எப்படிச் சேர்த்துக்கொள்வது? இன்றைக்கு அதைத்தான் கதைக்கப்போகிறேன்.

முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துத் தெரியாதவர் இல்லை. அதையே வைத்துக்கொள்வோம். சிலம்பு விற்கப் போன கோவலனோடு கண்ணகியும் கூடப் போயிருந்தால்? இதுதான் புதுக்கதை.

சிறுபோக நெல் விதைப்புக்கு முன்னர் கமக்காரர் கூட்டம் வைப்போமல்லவா? குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்போம். எல்லாருக்கும் முழுக்காணியையும் விதைக்க ஆசைதான். அப்படி விதைக்க விட்டுவிட்டால், கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் தண்ணீர் போதாது, வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயல்தான் முதலில் கருகும். ரோல்பிளேயிலும் அப்படித்தான். நடத்துகிறவரின் வாசிப்பு நேரம்தான் குளத்துத் தண்ணீர். ஆசைப்பட்ட எல்லாருக்கும் பாத்திரம் கொடுத்தால், ஆளுக்கு ஒரு நாள் என்றாலும் பத்தாவது ஆளின் முறை வரப் பத்து நாளாகும். அதற்குள் அவர் கதையையே மறந்துவிடுவார். ஆகவே எழுத ஐந்து பேர் போதும். ஒருவருக்கு 48 மணித்தியாலம். தவறினால் முறை அடுத்தவருக்குப் போகும், அவருடைய பாத்திரம் ஒதுங்கி நிற்கும். மற்றவர்களை வாசகராக இருத்துங்கள். தண்ணீரைப் பார்த்துத்தான் விதைக்க வேண்டும், நேயர்களே.

அடுத்தது, இரண்டு குழு வேண்டும். ஒன்றில் கதை மட்டும், மற்றதில் கருத்து. வட்ஸ்அப்பில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று அமைக்க வசதி இருக்கிறது. கதைக்குழுவை அப்படி அமைத்து, எழுதுகிற ஐந்து பேரையும் நிர்வாகிகளாக்குங்கள். இல்லாவிட்டால் கண்ணகி வாய்திறக்கும் இடத்தில் முப்பது கைதட்டல் படம் வந்து விழும்.

ஒவ்வொரு பகுதி முடிவிலும் வாசகருக்கு ஒரேயொரு கேள்வி, மூன்று தெரிவு, 24 மணித்தியாலம். பொற்கொல்லனின் கடை வாசலில் இருவரும் நிற்கிறார்கள். முதலில் கண்ணகி கதைப்பதா, கோவலன் கதைப்பதா, உள்ளே போகாமல் திரும்புவதா? மூன்றையும் எழுத ஆயத்தமாக இருந்தால் மட்டும் கேளுங்கள். வாக்கு ஒன்று சொல்ல, கதை வேறு பக்கம் போனால் அடுத்த முறை ஒருவரும் வாக்களிக்க மாட்டார்கள். வாக்குச் சமமானால் யார் தீர்மானிப்பது என்பதை முன்னரே சொல்லிவிடுங்கள். "கோவலன் சாகலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். சாகட்டும் என்று வாக்கு விழுந்தால் கோவலனை எழுதுகிற பிள்ளைக்கு வேலையில்லாமல் போய்விடும். எந்தப் பக்கம் திரும்புவது என்று வாசகர் சொல்லட்டும். திரும்பினால் என்ன நடக்கும் என்று எழுதுகிறவர் சொல்லட்டும். சாவு என்றால் அந்தப் பாத்திரத்தை எழுதுகிறவரின் சம்மதம் கட்டாயம்.

இன்னொன்று. வட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். கூச்சப்படுகிற பிள்ளை கை வைக்காது. ரெலிகிராமில் பெயர் தெரியாமல் வாக்களிக்கலாம்.

கதை கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, மற்றவரின் பாத்திரத்துக்கும் தானே எழுதிவிடுவது. "கோவலன் அழைத்தான், மாதவி அழுதுகொண்டு ஓடிவந்தாள்" என்று எழுதினால், மாதவியை எழுதுகிறவருக்கு என்ன மிச்சம்? "அழைத்தான்" என்பதோடு நிற்பாட்ட வேண்டும். மற்றது, வாசகர் சொன்னதைப் பாத்திரம் தெரிந்துகொள்வது. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன்தான் என்று கருத்துக்குழுவில் ஐம்பது பேரும் எழுதுவார்கள். கோவலனுக்கு அது தெரியாது, தெரியவும் கூடாது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் "தெரிந்தது", "தெரியாதது" என்று இரண்டு வரி எழுதிக் குழுவின் மேலே பொருத்தி வையுங்கள். வாசகரின் யோசனை ஒன்றை எடுத்தால், அந்தப் பகுதியின் அடியில் அவருடைய புனைபெயரைப் போடுங்கள்.

கண்ணகி வற்றாப்பளைக் கோயிலில் வைகாசிப் பொங்கல் ஏற்கிற அம்மன். ஆகவே எதை எழுதக்கூடாது என்பதை முதல் நாளே ஐந்து பேரும் பேசி முடிவெடுத்து, வாசகருக்கும் அறிவியுங்கள். இடையில் சொன்னால் சண்டைதான்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். புதிதாக வருகிறவருக்குப் பத்து வரியில் கதைச்சுருக்கம் கொடுங்கள். பெற்றோருக்கு ஒன்று: வட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் இலக்கம் முன்பின் தெரியாதவர்களுக்கும் தெரியும். ரெலிகிராமில் அமைப்புக்குள் போய் இலக்கத்தை மறைத்துவிட்டுச் சேரச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.