காசநோய் குணமான பின் நுரையீரல்

நேயர்களுக்கு வணக்கம். ஆறு மாத மருந்தை ஒரு நாளும் தவறாமல் உட்கொண்டு, சளியில் கிருமி இல்லை என்ற முடிவையும் பெற்றுவிட்ட ஒருவர், மாடிப்படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பின்னால் வருபவருக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், நோய் திரும்பிவிட்டதோ என வீட்டார் அஞ்சுவார்கள் என்பதே அவருடைய தயக்கம்.

கிருமி அழிவது வேறு. நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவது வேறு. கிருமியை எதிர்த்து உடலில் எழும் அழற்சி, நுரையீரலின் மென்மையான திசுவையும் சேர்த்தே சிதைத்துவிடுகிறது. சிதைந்த இடம் தழும்பாக இறுகும், அல்லது குழியாகவே நின்றுவிடும். சில மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோவதால் சளி வெளியேறாமல் தேங்கி, அதில் வேறு கிருமிகள் குடியேறி, அடிக்கடி காய்ச்சலும் இருமலும் வருகின்றன. வாழ்நாளில் புகையே பிடிக்காதவருக்கும் மூச்சுக்குழாய் அடைப்பு ஏற்படப் பழைய காசநோய் காரணமாகலாம். எஞ்சிய குழிக்குள் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை பந்துபோல் திரண்டு, பல ஆண்டுகள் கழித்து இருமலில் ரத்தம் வரவைப்பதும் உண்டு.

ராபர்ட் கோக் இந்தக் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தது 1882-இல். குணமானவர்களின் இத்தகைய பின்விளைவுகளுக்கென்றே முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் நகரில் கூடியதோ 2019-இல்தான்.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, எக்ஸ்ரேயில் தெரியும் பழைய தழும்பை மட்டும் நம்பி, மறுபடியும் காசநோய் மருந்தைத் தொடங்கிவிடுவது. தழும்பு ஆயுள் முழுவதும் படத்தில் தெரியக்கூடியது. மரபணுப் பரிசோதனையும் சில வேளைகளில் இறந்த கிருமியின் எச்சத்தையே காட்டிவிடும். உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று வளர்ப்புச் சோதனையில் பார்ப்பதே நம்பகமானது. நோய் உண்மையிலேயே திரும்புவதும் உண்டு என்பதால், சளிப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கவும் கூடாது.

சிகிச்சை முடியும் நாளிலேயே ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சுத்திறன் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள். புகையை அறவே விடுவதும், ஃபுளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் கேட்பதும் அவசியம். இருமலில் வரும் ரத்தம் சிறிதானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மிகுதியாக வந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

படிக்கட்டில் நின்றவருக்கு அடைப்பு இருந்தது. இன்ஹேலர் கொடுத்து, தினமும் நடக்கவும், உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல வெளியே விட்டபடி அடியெடுத்து வைக்கவும் பழக்கினோம். இப்போதும் அவர் படியில் நிற்கிறார். ஆனால் பாதியில் இல்லை, மேல் தளத்தை அடைந்த பிறகு.